தானோசும் ஹெலிகொப்டரும்

2018 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் பிரபஞ்ச உயிர்களிற் பாதியை அழித்த தானோஸ், 1979 இன் சிறுவர் சித்திரக்கதையொன்றில், தன் பெயர் பொறித்த மஞ்சள் ஹெலிகொப்டரிற் பறந்து, ஈற்றிற் பொலிசாரிடம் அகப்படுகிறான்! 2021 இல் வந்த ‘லோகி’ தொடரும் அந்த ஹெலிகொப்டரை வேடிக்கையாகக் காட்டிற்று. நகைக்கத் தக்கதே.

ஆயினும், 57 இதழ்கள் வெளிவந்த ‘ஸ்பைடி சூப்பர் ஸ்டோரீஸ்’ (1974–1982) யாருக்காகத் தோன்றியது என்பதை நகைப்போர் எண்ணுவதில்லை. ‘தி எலெக்ட்ரிக் கம்பனி’ என்னும் அமெரிக்க வாசிப்புப் பயிற்சித் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் துணை வெளியீடு அது. அந்நிகழ்ச்சியிற் சிலந்தி மனிதன் வாய்திறந்து பேசான். அவன் சொற்கள் எழுத்தாகவே திரையிற் தோன்றும். வீரன் சொல்வதை அறிய விரும்பும் பிள்ளை வாசித்தே தீரவேண்டும். ஆசிரியர்கள் பொறாமை கொள்ளத்தக்க உபாயம்! முதிர்ந்த இரசிகனின் அளவுகோலால் அதனை அளப்பது முறையன்று. ஹெலிகொப்டரிற் பெரிதாய் எழுதிய பெயரும் எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு ஒரு பாடமே.