இத்தா: தடைகளின் பட்டியல் மட்டும்தானா?

2024 அக்டோபரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு முஸ்லிம் தம்பதியின் வழக்கில் தீர்ப்பளித்தது. தலாக் நிரூபிக்கப்படாத நிலையில் கணவர் செய்த மறுமணம் முதல் மனைவிக்கு மனரீதியான கொடுமையே என்று கூறி, 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. ஷரீஅத் கவுன்சில் சான்றிதழ் செல்லாது என்ற பகுதியைத்தான் நாம் விவாதித்தோம். மனவேதனையைப் பேசாமல் கடந்துவிட்டோம்.

திருப்பூரில் அது கடந்து போகக்கூடியதல்ல. பனியன் கம்பெனி வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை வீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் தாய்வீடு இல்லை. தலாக் ஆன மறுவாரமே ஓவர்லாக் மெஷினிலோ செக்கிங்கிலோ நிற்க வேண்டும். பீஸ் ரேட்டில் ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு. அழக்கூட நேரமில்லை.

அந்த நேரத்தைத்தான் மார்க்கம் இத்தாவாகத் தந்திருக்கிறது. அதுவரை அவளை வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அத்தலாக் அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. மீட்டுக்கொள்ளும் தலாக்கில் இத்தா முடியும்வரை அவள் செலவும் கணவன் பொறுப்பு. நாமோ எதையெல்லாம் செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லித் தருகிறோம். பஞ்சாயத்தில் நகைக்கணக்கு மணிக்கணக்காக ஓடும். "ராத்திரி தூங்குறியாம்மா?" என்று கேட்க ஆளிருக்காது. (பிரிந்த ஆண்களையும் யாரும் கேட்பதில்லை.)

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் போவது ஈமானின் குறை அல்ல, சிகிச்சை தேவைப்படும் நிலை. அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அந்த எண்ணை ஜமாஅத் அறிவிப்புப் பலகையில் எழுதலாம். இத்தா காலச் செலவையும் தலாக் பதிவின்போதே கணவரிடம் எழுதி வாங்கலாம். இதை அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே முடிவு செய்யும்படி நம் மஹல்லா பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.