அச்சகத்துத் தண்ணீரும் நமது அவசரமும்

திருமண அழைப்பிதழ், கிரகப்பிரவேசப் பத்திரிகை, சங்கத்தின் ஆண்டு மலர் என்று தில்லியில் நம்மவர் வீட்டுக் காரியம் ஏதாவது ஒன்று அச்சுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. "நாளை மறுநாள் வேண்டும், விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்போம். அந்தத் தாள் எத்தகைய காற்றில் அச்சாகிறது என்று கேட்பதில்லை. நரைனா, ஓக்லா அச்சகங்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதே ஆப்செட் அச்சின் அடிப்படை. தகட்டில் எழுத்தும் படமும் இல்லாத இடத்தில் மை ஏறாமலிருக்க அதை ஈரமாக வைக்கும் கரைசலுக்கு 'பவுண்டன் சொல்யூஷன்' என்று பெயர். நீர் சீராகப் பரவுவதற்காக, பல வண்ண எந்திரங்களில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சுமார் 10 சதவீதம் கலப்பது நெடுநாளைய வழக்கம். இது சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. இதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். தலைவலி, மயக்கம், கண் எரிச்சல் தரும். தில்லிக் குளிரில் கதவு ஜன்னல்களை மூடிக்கொண்டு இரவு முழுவதும் எந்திரம் ஓட்டுகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நாம் அச்சகத்தாரை நெருக்குகிறோம்; அவர் ரசாயன வியாபாரியை நெருக்குகிறார். முடிவில் பெயர்ச்சீட்டே இல்லாத கேன் வந்து சேர்கிறது. ஆபத்தான ரசாயனக் கலத்தின் மீது உள்ளிருப்பது என்ன, தயாரித்தவர் யார் என்று எழுதியிருக்க வேண்டும் என 1989-ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன.

அலட்சியத்தின் விலையை ஜப்பான் அறியும். ஒசாகாவில் காற்றோட்டமற்ற ஓர் அச்சகத்தில் எந்திரத்தின் ரப்பர் பிளாங்கெட்டைத் துடைத்து வந்த இளம் தொழிலாளர் பலருக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012-இல் வெளியே தெரிந்தது. துடைக்கும் திரவத்திலிருந்த 1,2-டைகுளோரோபுரோப்பேன் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று 2014-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. அது பவுண்டன் கரைசல் அன்று என்பது உண்மையே. ஆனால் கையாளும் திரவம் இன்னதென்று தெரியாமல், மூடிய அறையில் வேலை செய்வது இங்கும் நடப்பதுதான்.

"ஆல்கஹால் இல்லாமல் எந்திரம் ஓடாது" என்பார்கள். பாதி உண்மை. தேய்ந்த உருளையையும் உப்புத் தண்ணீரையும் ஆல்கஹால் மறைத்துவிடும். உருளைகளைச் சரிசெய்து, நீரைச் சுத்திகரித்து, தொட்டியைக் குளிர்வித்தால் அளவை நன்றாகக் குறைக்கலாம். மாற்றுக் கரைசல்களும் உண்டு. அவற்றிலும் சில தோல் வழியே உடலில் ஏறுபவை. எனவே கையுறை கட்டாயம்.

இதற்கெல்லாம் செலவாகும். அதில் நம் பங்கைக் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. ஆண்டு மலருக்கு விலைப்புள்ளி கேட்கும்போது நம் செயற்குழு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கட்டும். கேன்களில் பெயர்ச்சீட்டு உண்டா? வெளியேற்று விசிறி ஓடுகிறதா? தொழிலாளிக்குக் கையுறை தருகிறீர்களா? சரியான பதில் தரும் அச்சகத்துக்கே வேலையைக் கொடுப்போம், விலை சற்றுக் கூடினாலும் சரி.