ஓரிரு இடங்களில் மழை



கத்திரி வெயில் சுட்டெரிக்கும் நாளொன்றில் வானொலியில் ஓர் அறிவிப்பு வருகிறது. வடகடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும். பலத்த காற்றும் வீசக்கூடும் என்கிறார்கள். அதைக் கேட்டவுடன் நம் இல்லங்களில் எழுகின்ற முதற்குரல் எது? "இவர்கள் சொல்லி என்றைக்குப் பெய்தது?" என்னும் ஏளனமே. உம்மா மொட்டைமாடியில் உலர்த்திய வடகம் அங்கேயே கிடக்கிறது. அஸருக்குப் பின் மேற்கு வானம் கறுக்கிறது, புழுதிக்காற்று சுழன்றடிக்கிறது. வடகமும் நனைகிறது, வாயிலிட்ட கொடித்துணியும் பறக்கிறது. அப்போதும் நாம் அறிவிப்பைத்தான் குறை கூறுகிறோம். அதைக் கேட்ட விதத்தைக் குறை கூறுவதில்லை.

வானிலைத் துறையினரின் சொற்கள் போகிறபோக்கில் சொல்லப்படுபவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால், ஒரு வட்டாரத்திலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25க்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகலாம் என்று பொருள். ஆக, நான்கு ஊர்களில் மூன்று ஊர்கள் காய்ந்து கிடந்தாலும் அறிவிப்புப் பொய்த்துவிடவில்லை. 'கனமழை' என்பதும் அவ்வாறே. ஒரு நாளில் ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டரை எட்டினால்தான் அச்சொல் பொருந்தும். 11.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் மிகக் கனமழை. 20 சென்டிமீட்டரையும் விஞ்சினால் அதிகனமழை. இந்த அளவுகளை அறியாமல் அறிவிப்பைக் கேட்பது, எடைக்கல் இல்லாமல் தராசு பிடிப்பதற்கு ஒப்பாகும்.

சரி, எந்தத் தெருவில் பெய்யும் என்று முன்கூட்டியே சொல்லலாகாதா? கோடை மழையின் பிறப்பை அறிந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். பிற்பகலில் வேலூர், சித்தூர்ப் பக்கத்து நிலம் கொதிக்கிறது. சூடேறிய காற்று மேலெழும்புகிறது. கடலிலிருந்து வந்த ஈரம் அதனோடு சேர, மேகம் கோபுரம்போல் உயர்கிறது. மேலடுக்கிலுள்ள மேற்றிசைக் காற்று அந்த மேகத்தைக் கடற்கரை நோக்கித் தள்ளுகிறது. மழைத்துளிகளோடு குளிர்ந்த காற்று மேகத்திலிருந்து விரைந்து கீழிறங்கித் தரையில் பரவுவதால்தான் மழைக்கு முன்பே சூறை வீசுகிறது. இத்தகைய ஒற்றை மேகத்தின் ஆயுள் ஓரிரு மணி நேரமே, பரப்பும் சிறிது. அம்பத்தூர் நனையும், அடையாறு காயும். முந்திய நாளே தெருப்பெயர் சொல்வது எவராலும் இயலாது.

வங்கக் கடலில் மே மாதத்தில் உருவாகும் புயல்களின் கதை வேறு. அவை கரையோரமாகச் சென்றால் நமக்கு மழை. 2016 மே மாதத்தில் 'ரோவானு' புயல் சென்னையை நனைத்துச் சென்றதை மறந்திருக்கமாட்டோம். ஆனால் அதே புயல் விலகி வடக்கே போய்விட்டால், மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்றை இழுத்துவிடும். கடற்காற்று தடைபட்டு வெயில் இன்னும் உக்கிரமாகும். மழை தரவேண்டிய ஒன்றே வெப்பத்தையும் தந்துவிடுகிறது.

2019ஆம் ஆண்டின் 'ஃபானி' புயல் நமக்கு ஒரு பெரும் பாடம். அவ்வாண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வற்றிக்கொண்டிருந்தன. ஏப்ரல் இறுதியில், அப்புயல் வடதமிழகத்தை நெருங்கக்கூடும் என்று முதலில் எச்சரிக்கை வந்தது. குடம் ஏந்தி நின்ற மக்கள் வானத்தை நோக்கினர். புயலோ திசை திரும்பியது, எச்சரிக்கையும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை ஏற்பட்டது. "வானிலை அறிவிப்பு பொய்த்தது" என்று இங்கே எள்ளி நகையாடினோம்.

ஆனால் அங்கே என்ன நிகழ்ந்தது? அந்த அறிவிப்பு நாள்தோறும் திருத்தப்பட்டு, புயலைப் பின்தொடர்ந்து சென்றது. அதை நம்பி ஒடிசாவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றப்பட்டனர். மே 3ஆம் நாள் பூரி அருகே புயல் கரையைக் கடந்தது. அம்மாநிலத்தில் உயிரிழந்தோர் 64 பேர். 1999இல் அதே மாநிலத்தைத் தாக்கிய பெரும்புயலில் மாண்டவர்களோ ஏறத்தாழ பத்தாயிரம் பேர். நாம் பொய் என்று ஒதுக்கிய அறிவிப்பு, வேறொரு கரையில் எத்தனையோ இல்லங்களின் விளக்கை அணையாமல் காத்தது. திருத்திக்கொள்வது அறிவிப்பின் குற்றமன்று. அதுவே அதன் நேர்மை.

வாசகர்களே, ஒரே மழை எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. நகரத்தாருக்கு அது குளிர்ச்சி. வற்றிய கிணற்றுக்கு ஊற்று. நவரைப் பட்டத்து நெல்லை அறுத்துக் களத்தில் குவித்து வைத்திருக்கும் செங்கற்பட்டு உழவருக்கோ அது நெஞ்சடைப்பு. மரக்காணத்து உப்பளத்தில் வெயிலையே மூலதனமாக்கி உழைப்பவருக்கு ஒரு மாலைமழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். கரையோரக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாட்களிலும் கடலுக்குச் செல்பவை சிறு படகுகளே. சூறைக்காற்றை எதிர்கொள்ள வலுவற்றவையும் அவையே. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டால், திடீர்க் காற்றும் மழையும் அத்துறைமுகத்துக்கே நேரலாம் என்று பொருள். அன்றைக்கு ஒரு வாப்பா வீடு திரும்புவாரா என்பது, அந்தச் செய்தி அவர் செவிக்கு எட்டியதா என்பதைப் பொறுத்திருக்கிறது.

எனவே, "பெய்யுமா, பெய்யாதா?" என்று கேட்பதை விடுத்து, "நம் தெருவில் பெய்தால் என் செய்வோம்?" என்று கேட்டுப் பழகுவோம். தளர்ந்த கூரைத் தகரத்தை இறுக்கிக் கட்டுவதற்கும், உலர்த்தியவற்றை உள்ளே எடுப்பதற்கும் பத்து நிமிடம் போதும். இடி முழங்கும்போது பிள்ளைகளை மரத்தடியிலும் மாடியிலும் நிற்கவிடாதீர்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியின் அருகே எவரையும் அணுகவிடாதீர்கள்.

இன்னொரு கடமையும் நமக்குண்டு. கேட்ட செய்தியை நம்மோடு நிறுத்திக்கொள்ளாமல், அது யாருக்குத் தேவையோ அவரிடம் சேர்ப்பிப்போம். கைப்பேசி இல்லாத முதியவர் அடுத்த வீட்டில் இருக்கலாம். கடலோர ஊர்களில் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி இருக்கிறது. அது இதற்கும் பயன்படட்டும். மழை வராமற்போனால் நமக்கு நேர்ந்த இழப்பு பத்து நிமிட உழைப்பே. வந்துவிட்டாலோ, அந்தப் பத்து நிமிடம் ஒரு குடும்பத்தின் உணவாகவும், சில வேளை உயிராகவும் இருக்கும்.

அந்த 'ஓரிரு இடங்களில்' ஒன்று நம்முடைய ஊராகவும் இருக்கக்கூடும் என்பதை மறவாதிருப்போம்.