நீரில் ஓடும் மோட்டார்

எரிபொருளின் விலை ஏறுந்தோறும் ஒரு செய்தி கிளம்புவது வழக்கமாகிவிட்டது. எங்கோ ஓர் ஊரில் ஒருவர் பெற்றோலின்றி வெறுந் தண்ணீரில் மோட்டார் வண்டி ஓட்டுகிறாராம். எண்ணெய்க் கம்பெனிகள் அதனை மூடி மறைத்துவிட்டனவாம். ஒரு புறம் களப்பும் மறுபுறம் கடலுமாக நீர் சூழ்ந்து கிடக்கும் கற்பிட்டிக் கரையில் வாழ்வோருக்கு இச்செய்தி இனிப்பதில் வியப்பென்ன? 2022ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய் கிடையாமல் நமது கரையோரங்களிற் படகுகள் மணலிற் கிடந்தன. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. கடலைப் பார்த்துக்கொண்டே அடுப்பெரியாமல் இருந்தவனிடம், "இந்தக் கடலே உன் எஞ்சினுக்கு எண்ணெய்" என்று ஒருவர் வந்து சொன்னால் அவன் செவிசாய்க்கத்தான் செய்வான். அவனை நாம் குறை கூறோம். நமது வழக்கு வேறு சிலரோடு.

இந்த அற்புதம் இலங்கைக்கும் ஒருமுறை வந்துபோனது. 2008ஆம் ஆண்டில் துஷார பிரியமால் எதிரிசிங்க என்பவர், மூன்று லீற்றர் நீரைக்கொண்டு ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தூரம் கார் ஓட்டியதாக அறிவித்தார். நீரை மின்சாரத்தால் ஐதரசன், ஒட்சிசன் என்னும் இரு வாயுக்களாகப் பிரித்து, அவற்றை எஞ்சினில் எரிப்பதே அவர் கூறிய முறை. அப்போதைய பிரதம மந்திரி இரத்தினசிறி விக்கிரமநாயக்க அதனைப் பார்வையிட்டு, அரசாங்கத்தின் முழு ஆதரவையும் வழங்குவதாக வாக்களித்தார். சில மாதங்களின் பின்னர், முதலீட்டு மோசடிச் சந்தேகத்தின் பேரில் அவர் கைதானார் என்ற செய்தி வந்தது. அதன் நியாயம் நீதிமன்றத்துக்குரியது. நாம் பார்ப்பது கணக்கை மட்டுமே.

ஒரு லீற்றர் நீரில் அடங்கிய ஐதரசன் சுமார் 111 கிராம். மூன்று லீற்றரில் 333 கிராம். அதனைப் பிரித்தெடுக்க ஒரு சதமும் செலவில்லை, யாரோ ஒரு தேவதை வந்து பிரித்துக் கொடுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அத்தனையும் எரிந்து தரும் வெப்பம், ஏறக்குறைய ஒன்றேகால் லீற்றர் பெற்றோலின் வெப்பத்துக்குத்தான் சமம். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் செல்லும் சிக்கனமான கார் அதைக்கொண்டு 25 கிலோமீற்றர் போய் நின்றுவிடும். புத்தளத்திற் புறப்பட்டால் கற்பிட்டியையும் எட்டாது! உயர்தர வகுப்பு மாணவன் பஸ் டிக்கட்டின் முதுகில் போட்டுப் பார்க்கக்கூடிய இக்கணக்கை, பிரதமரின் பக்கத்தில் நின்றவர்களுள் ஒருவரேனும் போடவில்லையா என்பதே நமது கேள்வி.

தேவதை வராத உலகில் நிலைமை இன்னும் மோசம். நீர் என்பது எரிந்து முடிந்த ஐதரசனே. அதனை மீண்டும் பிரிக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளிவந்த சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நீரிலிருந்து ஒன்றைப் பிரிப்பது எவ்வளவு பாடு என்பதைப் புத்தளத்து உப்பளத் தொழிலாளிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வெயிலும் காற்றும் வாரக்கணக்கில் உழைத்தபின்பே பாத்தியில் உப்புப் பூக்கிறது. அங்கு நீர் ஆவியாகிறதேயன்றி உடைவதில்லை. ஒரு லீற்றர் நீரை ஆவியாக்கும் சக்தியைப் போல் ஆறு மடங்குக்கும் மேல் வேண்டும், அதனை உடைப்பதற்கு. அவ்வளவையும் கொடுத்து உடைத்தாலும், எரிக்கும்போது பெரும்பகுதி எஞ்சினின் சூட்டிலும் புகைக்குழாயிலும் வீணாகிறது. எஞ்சிய சிறு பங்கினால் டைனமோவைச் சுழற்றி, அந்த மின்சாரத்தால் மேலும் நீரை உடைத்து, வண்டியையும் ஓட்டலாம் என்பது, இறைத்த நீர் கிணற்றுக்குள்ளேயே திரும்பி விழும் விசையில் துலா தானாக ஏறியிறங்கித் தோட்டத்துக்கும் நீர் பாய்ச்சும் என்பதைப் போன்றது.

ஆனால் போத்தலில் எழும் குமிழிகள் மெய்யானவை; தீக்குச்சியைக் காட்டினால் 'டப்' என்று வெடிப்பதும் மெய். பொய், பற்றரியைப் பற்றிப் பேசாமல் விடுவதில் இருக்கிறது. கடல்நீரானால் இன்னொரு சங்கடமும் உண்டு: மின்சாரம் பாய்ச்சினால் குளோரீன் என்னும் நச்சுவாயு எழும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை முன்னாளில் உப்புக் கரைசலை இப்படிப் பிரித்தே குளோரீனும் எரிசோடாவும் செய்தது. அங்கும் ஐதரசன் கிளம்பத்தான் செய்தது. அதைக்கொண்டு தொழிற்சாலை தன் மின்சாரக் கட்டணத்தைத் தீர்த்துக்கொள்ளவில்லை.

கற்பிட்டிக் குடாநாட்டிற் காற்றாலைகள் சுழல்கின்றன. அருகே நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல் நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. மிஞ்சும் காற்று மின்சாரத்தால் நீரைப் பிரித்து, அந்த ஐதரசனால் ஒருநாள் படகு ஓடுமாயின் நாமும் வரவேற்போம். அன்று படகை ஓட்டுவது காற்று. அதற்குரிய செலவும் கணக்கில் வரும்.

இவ்விஷயத்தில் நாம் தனித்து ஏமாந்தவர்களுமல்லர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஸ்ரான்லி மேயர் என்பவரின் 'நீர்க் கலத்தை' நிபுணர்கள் சோதித்து, அது சாதாரண மின்பகுப்பே என்று கண்டனர். 1996இல் நீதிமன்றம் அதனை மோசடியெனத் தீர்த்து, இரு முதலீட்டாளரின் 25,000 டொலரைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தது. அதே ஆண்டிற் தமிழகத்தில் இராமர் பிள்ளையின் 'மூலிகைப் பெற்றோல்' பேரெழுச்சியை உண்டாக்கிற்று. சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தபோது ஆண்டு 2016. புகழ் ஒரு வாரத்தில் வந்தது. தீர்ப்பு வர இருபது ஆண்டுகள் சென்றன.

இடைக்காலத்திற் பணம் இழப்பவர் யார்? மந்திரியின் படத்தைப் பத்திரிகையிற் பார்த்து நம்பியவர்தாம். ஆகவே மந்திரிகளும் எமது தொழிலைச் சேர்ந்தவர்களும் இனியாவது ஒரு நிபந்தனை விதிக்க வேண்டும். பெற்றோல் தாங்கியைக் கழற்றி வைத்து, பற்றரியின் மின்னேற்றத்தைப் புறப்படுமுன்னும் சேர்ந்தபின்னும் பல்கலைக்கழகப் பொறியியலாளர் அளந்து குறிக்க, வண்டி புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஓடி வரட்டும். கைகுலுக்கலும் முதற்பக்கப் படமும் அதன் பின்னர் ஆகட்டும்.