விரல்வலம் போகிறீர்களா?

ஃபேஸ்புக் 'முகநூல்' ஆனது. ட்வீட் 'கீச்சு' ஆனது. செல்ஃபி 'தம்படம்' ஆனது. ஆனால், நம் பழக்கங்களுக்குப் பெயர் வைத்தோமா?

எங்கள் திருவண்ணாமலையில் கிரிவலம் 14 கி.மீ. நடந்தால் முடிந்துவிடும். முகநூலில் மவுஸை உருட்ட உருட்ட, மொபைலில் விரலால் தள்ளத் தள்ள, பதிவுகள் வந்துகொண்டே இருக்கும், முடிவே இல்லை. இந்த முறையை 2006-ல் வடிவமைத்த ஏஸா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருந்தினார். இதற்கு நான் வைக்கும் பெயர் 'விரல்வலம்'. தீபத்தைக் கும்பிடாமல் மொபைலில் பிடிப்பது 'படதரிசனம்'.

வேடிக்கைதான், ஆனால் பயனுண்டு. பெயர் வைத்தால்தான் பழக்கம் கண்ணில் படும். "இன்னும் விரல்வலமா?" என்று வீட்டில் கேட்டால் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவோம். அறிவுரை சொன்னால் எழுவோமா? நீங்களும் ஒரு சொல் உருவாக்கிப் பாருங்கள்.