தாயான பின்னும் ஆடியவர்

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, 19 வயதிலேயே இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் தலைவரானவர். 2021ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருதினும் பெரிதாக நான் கருதுவது வேறு. அவர் தாயான பின்னும் களத்திற்குத் திரும்பினார். 2017இல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவு இறுதிப் போட்டியில், அவர் இடம்பெற்ற இந்திய அணி கசகஸ்தானை 75–73 என்று வென்று ‘ஏ’ பிரிவுக்கு உயர்ந்தது. இரண்டே புள்ளிகள்!

நம் ரங்கத்திலோ, ஒன்பதாம் வகுப்பை எட்டியதும் மாணவியர் பலர் மைதானத்தின் ஓரத்தில் நின்றுவிடுகின்றனர். படிப்பு கெடும் என்பர் பெற்றோர். அனிதா பட்டம் பெற்றவர். தெற்கு ரயில்வேயில் பணியாற்றுபவர். இங்கு மாலையில் பொழுது சாய்ந்துவிடுவதால், மாணவியர்க்குரிய விளையாட்டு வேளையைப் பள்ளி நேரத்திற்குள்ளேயே ஒதுக்குதல் வேண்டும்.