பெட்டியைத் திறக்கட்டும் பிள்ளைகள்

மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், பள்ளி விட்டு வந்த பையன் பரணில் கிடந்த பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துப் பிரித்துப் போட்டான் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து வரும் தந்தை என்ன சொல்வார்? "ஏண்டா, இருக்கிறதையும் கெடுத்து வச்சிருக்கியே, புத்தகத்தை எடுடா" என்பார். அதில் குற்றமில்லை. ஊரை விட்டு வந்து, கிடங்கிலோ கடையிலோ ஆபீசிலோ உழைத்து, வாடகை போக மிஞ்சியதில் பிள்ளையைப் படிக்க வைப்பவருக்கு ஒரு திருகாணி வீணானாலும் மனம் பதைக்கத்தான் செய்யும்.

அந்தப் பையன் இன்னும் ஒரு படி மேலே போய், "இந்தச் சாமான்களை வைத்து நானே ஒரு சின்தசைசர் செய்யப் போகிறேன்" என்றால்? வீட்டில் சிரிப்பார்கள். சின்தசைசர் என்றால் சினிமாவுக்கு இசையமைப்பவர் வீட்டில் இருப்பது, பல லட்சம் பெறுவது, வெளிநாட்டிலிருந்து வருவது என்பதே பலருடைய எண்ணம். இந்த எண்ணம் சரிதானா என்று சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

அகமதாபாத்தில் நடந்தது

இந்தியாவுக்கு இத்தகைய பெரிய கருவி வந்தது 1969ஆம் ஆண்டில். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவினார். இசை அறிஞர் கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, மாணவரான ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் புதுமையான இசையை உருவாக்கி நாடாக்களில் பதிவு செய்தனர். 1972க்குப் பின் அந்த முயற்சி ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் சேமிப்பில் உறங்கின. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்த பிறகு, 2023ல்தான் அந்த இசை ஆல்பமாக உலகின் காதுக்கு எட்டியது. இசைத்தவர்கள் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் விலை கொடுத்து வாங்கி ஓர் அறையில் வைத்த கருவி, அந்த அறைக்குள்ளேயே நின்றுவிட்டது.

அந்தக் கருவியைப் படைத்த ராபர்ட் மூக்கின் கதையோ வேறு. 1934ல் நியூயார்க்கில் பிறந்த அவருக்கு, மின்சாரக் கம்பெனியில் பொறியாளராக இருந்த தந்தைதான் ஈயப் பற்று வைக்கக் கற்றுக் கொடுத்தார். பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து, கையைத் தொடாமலே இசைக்கும் தெரமின் என்ற கருவியைப் பள்ளிப் பருவத்திலேயே அவர் வீட்டில் செய்தார். பின்பு தந்தையும் மகனும் சேர்ந்து அதைச் செய்து விற்றனர். 1964ல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் கூடி அவர் செய்ததே மூக் சின்தசைசரின் முதல் வடிவம். அகமதாபாத்துக்கு ராஜ மரியாதையோடு வந்த கருவியின் பூர்வீகம், ஒரு வீட்டில் தந்தை மகனுக்கு ஒதுக்கிக் கொடுத்த மேஜைதான்.

இங்கேயும் உதாரணம் உண்டு. இன்று சங்கீத வகுப்புகளில் ஒலிக்கும் மின் சுருதிப் பெட்டி எங்கிருந்தோ வந்து இறங்கியதல்ல. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளர் ஜி. ராஜ் நாராயண், சங்கீதமும் அறிந்தவர். 1970களில் இந்த முயற்சியில் இறங்கினார். அவர் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் மின் சுருதிப் பெட்டியும் மின் தம்புராவும் வித்வான்களின் மேடையிலேயே இடம் பிடித்தன. தேவையை உணர்ந்தவர் தானே செய்தார், அது நிலைத்தது.

செய்வது எப்படி?

மாடுலர் சின்தசைசர் என்பது ஒரே பெட்டியல்ல. தனித்தனிப் பகுதிகளைச் செய்து, வேண்டியபடி கம்பியால் இணைத்து இசைப்பது. ஒரு பகுதி நாதத்தைப் பிறப்பிக்கும். இன்னொன்று அதன் கூர்மையை மழுக்கும் வடிகட்டி. மற்றொன்று நாதம் எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பதை வகுக்கும். வீணையை மீட்டினால் நாதம் சட்டென்று எழுந்து மெல்லத் தேய்கிறது. நாகஸ்வரத்தில் ஊதும் வரை நிற்கிறது. இந்த வேறுபாட்டை மின்சாரத்தால் செய்து காட்டுவதே அந்தப் பகுதியின் வேலை. பகுதிகளுக்கிடையே மின்னழுத்தமே மொழி. மூக் வகுத்த முறையில் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்துக்குப் போய்விடலாம்.

முதல் பகுதிக்கு லட்சங்கள் வேண்டாம். 40106 என்ற எண்ணுள்ள ஐ.சி. ஒன்று, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, 9 வோல்ட் பாட்டரி ஒன்று இருந்தால் நாதம் பிறந்துவிடும். பத்து மடங்கு பெரிய கெப்பாசிட்டரைப் போட்டால் கீச்சுக் குரல் கட்டைக் குரலாகும். ரெசிஸ்டருக்குப் பதில் திருகும் வால்யூம் கண்ட்ரோல் வைத்தால், கடையில் வாங்கும் கீபோர்டின் 12 கட்டைகளுக்கு இடையே உள்ள சுருதிகளும் கைக்கு வரும். கமகத்தைத் தேடிப் பார்க்கலாம். அந்த ஒரு ஐ.சி.யிலேயே இப்படி ஆறு செய்ய இடமுண்டு. கேட்பதற்கு எல்.எம். 386 கொண்டு ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் போதும்.

சாமான்களுக்கு அலைய வேண்டியதில்லை. தோப்பும்படி வழியாகப் பஸ் ஏறினால் எர்ணாகுளம் பள்ளிமுக்கில் உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. கெப்பாசிட்டர் செய்யும் கெல்ட்ரான் ஆலை கண்ணூரிலேயே இருக்கிறது. ஐ.சி.யும் ரெசிஸ்டரும் ஒரு தடவை டீயும் பழம்பொரியும் சாப்பிடும் செலவுக்குள் அடங்கும். மாதம் ஒரு பகுதி என்று செய்தால் சம்பளத்தில் துண்டு விழாது.

சோறு போடுமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வி. சின்தசைசர் செய்யும் பையன் எல்லோரும் இசையமைப்பாளர் ஆகிவிடப் போவதில்லை. ஆனால் ஓம் விதியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்பவனுக்கும், ரெசிஸ்டரை மாற்றிக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்பவனுக்கும் வேறுபாடு உண்டு. பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேரும்போது இரண்டாமவன் கை முன்னால் நிற்கும். சத்தம் வராதபோது எங்கே தவறு என்று படிப்படியாகத் தேடும் பழக்கம், கணக்குப் புத்தகம் எழுதும் வேலையிலும் உதவும்.

ஆபத்து உண்டு என்ற பயத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. பிளக்கில் சொருகும் பழைய ரேடியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் விவரம் தெரிந்தவர் துணையின்றித் திறக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பிள்ளைகள் பாட்டரியோடு நிற்பதே நல்லது. ஈயம் பற்ற வைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கொச்சியின் உப்புக் காற்றிலும் இடவப்பாதி மழையிலும் செம்பு பச்சை பூத்துவிடும் ஆதலால், செய்த போர்டை மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும்.

ஒரு மேஜை போதும்

உண்மையான குறை பணமல்ல, இடமும் ஆசானுமே. ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் சூடான சால்டரிங் அயர்னை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்தைப் பொறுப்பாரா? இன்னொரு புறம், வால்வு ரேடியோவிலிருந்து டேப் ரிக்கார்டர் வரை பழுது பார்த்த மெக்கானிக்குகள் முதுமை அடைந்து வருகிறார்கள். கெட்டதைத் தூக்கி எறிந்து புதிது வாங்கும் காலத்தில் அவர்கள் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. அவர்கள் கையில் இருக்கும் வித்தை எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அது அவர்களோடு போய்விடுமானால் திரும்பக் கிடைக்காது.

கொச்சியில் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் தமிழ் அமைப்புகள் இதைக் கவனிக்க வேண்டும். மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேஜை, இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர் போதும். ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவரை ஞாயிறுதோறும் அழைத்து, வந்து போகும் செலவோடு சிறு சன்மானமும் தரலாம். அவர் தமிழர்தான் என்றில்லை. மட்டாஞ்சேரியில் குஜராத்தியும் கொங்கணியும் கச்சியும் பேசுவோர் பக்கத்துப் பக்கத்து வீதியில் வாழ்கிறார்கள். கல்யாண வீடுகளில் பாடியே ஊரைக் கவர்ந்த மெஹ்பூப் வாழ்ந்த கொச்சி இது. இசைக்கு இங்கே மொழி தடையாக இருந்ததில்லை. தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்குக் களமசேரியில் கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் ஃபேப் லேப் பட்டறையும் இருக்கிறது.

2012 முதல் பியனாலே கலை விழா நடந்துவரும் மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் உலகக் கலைஞர்கள் தங்கள் படைப்புகளை வைக்கிறார்கள். அதே கிடங்குத் தெருக்களில் மூட்டை சுமந்தவரின் பேரன், வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புபவனாகவே இருந்துவிட வேண்டுமா? தானும் ஒன்றைச் செய்யலாம் என்ற எண்ணம் அவனுக்கு வீட்டில்தான் முதலில் பிறக்க வேண்டும். ஆகவே, பரணில் கிடக்கும் அந்தப் பாட்டரி ரேடியோவைப் பையன் அடுத்த முறை பிரிக்கும்போது, தந்தை அதட்டுவதை விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து திருப்புளியைப் பிடிக்கக் கற்றுக் கொடுக்க முன்வர வேண்டும்.